பாதி ஆய்வை வைத்து முழுப் பயம் காட்டுவதா?

கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பதைக் கண்டித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஒரு கனடா ஆய்வைத் துணைக்கு அழைத்திருக்கிறது. அந்த ஆய்வை முழுதாகப் படித்த எவரும் அப்படியொரு கட்டுரையை எழுதத் துணியமாட்டார்கள்.

2016இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான ஒன்டாரியோ ஆய்வு அது. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை அலசியது. முதல் மூன்று மாதத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் சாவோ, பிறவிக் குறையோ, புற்றோ, கண், காது கோளாறோ குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை. இறப்பு அபாயம் கூடியிருந்தது, படம் தெளிவாகத் தெரியக் காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களின் குழந்தைகளிடம்தான். மருந்தின் மேல் விழவேண்டிய பழியைத் தூக்கிக் கருவியின் தலையில் கட்டிவிட்டார் கட்டுரையாளர். இதைப் படித்துப் பயந்து, தேவையான பரிசோதனையை ஒரு பெண் மறுத்தால் அதற்கு யார் பொறுப்பு?

நஞ்சுக்கொடி சரியாக இயங்குகிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் அளந்து பார்க்கும் முறையைத்தான் அவர் குறிவைத்துத் தாக்குகிறார். அதற்கு அந்த ஊசியே வேண்டாம். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத்தன்மை உண்டு. அது கூடக் கூட, நஞ்சுக்கொடியிலிருந்து வரும் சமிக்ஞை விரைவாகத் தேய்கிறது. எத்தனை மில்லிசெகண்டில் தேய்கிறது என்பதைக் காட்டுவதே 'டி2 ஸ்டார்' எண். உடம்பில் ஓடும் ரத்தமே இங்கே செய்தி சொல்லிவிடுகிறது. டென்மார்க்கின் ஆல்போர்க்கிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் நடந்த ஆய்வுகளில், நஞ்சுக்கொடி சரியாக இயங்காத கர்ப்பங்களில் இந்த எண் தாழ்ந்திருந்தது.

"அல்ட்ராசவுண்டே போதும்" என்கிறார். எதற்குப் போதும்? எட்டாம் மாதத்தில் சிசு சிறியதாக இருக்கிறது என்று அது சொல்லும். பெற்றவர்களின் வாகில் சிறுகூடாக வளரும் பிள்ளையா, நஞ்சுக்கொடி ஊட்டாமல் வாடும் பிள்ளையா? தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை பல நேரம் பதில் தரும். ஆனால் கடைசி மாதங்களில் டாப்ளர் இயல்பாக இருக்கும்போதே சிசு திணறுவதுண்டு. காத்திருந்தால் பிள்ளையை இழக்கலாம். அவசரப்பட்டால் குறைமாதப் பிள்ளை. அந்த முடிவுக்குக் கைகொடுக்கக்கூடிய அளவீட்டைப் "பணக்கார நாட்டு ஆடம்பரம்" என்று எழுத எப்படி மனம் வந்தது?

சிசு அசைந்துகொண்டிருக்கும்போது எம்.ஆர்.ஐ.யில் இந்த எண்ணை எப்படி எடுக்க முடியும் என்ற கேள்விக்கு, நாட்டிங்ஹாமின் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் 1970களிலேயே வழி திறந்துவிட்டார். அவருடைய 'எக்கோ பிளானர்' என்ற படமெடுக்கும் முறை ஒரு துண்டுப் படத்தை ஒரு நொடிக்குள் பிடித்துவிடும்.

டி2 ஸ்டார் இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை என்பது உண்மை. கர்ப்ப வாரம் ஏற ஏற அது இயல்பாகவே இறங்கும். காந்தத்தின் வலுவுக்கேற்பவும் மாறும். எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான வரையளவு வேண்டும், பெரிய ஆய்வுகள் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் நானும் சேர்ந்து கேட்டிருப்பேன். அவரோ ஆய்வையே நிறுத்தச் சொல்கிறார்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால், எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறீர்கள், காடோலினியம் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். அந்தக் கட்டுரையை நம்பி மறுத்துவிடாதீர்கள்.