அளவிட முடியாத வைரஸ், அகலாத நோய்

2010-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, 30 மணி நேரத்திலேயே எச்.ஐ.வி. கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. 18 மாதத்தில் சிகிச்சை விட்டுப்போனது. மருந்தில்லாமலே 27 மாதங்கள் வைரஸ் தலைகாட்டவில்லை. குணமாகிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். 2014-இல் வந்த பரிசோதனை முடிவு: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 16,750 வைரஸ் பிரதிகள்.

அதுவரை வைரஸ் பதுங்கியிருந்தது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் நெடுநாள் வாழும் நினைவு சிடி4 செல்களில். வைரஸ் தன் மரபுப் பிரதியைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. செல் ஓய்வுக்குப் போனால் வைரஸும் அடங்கிவிடும். பெருகும் வைரஸைத் தடுக்கும் மருந்துக்கு அங்கே வேலை இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணிலும் அது படாது. ஓய்விலுள்ள பத்து லட்சம் சிடி4 செல்களில் ஏறக்குறைய ஒன்றில்தான் மீண்டும் கிளம்பக்கூடிய வைரஸ் இருக்கிறது. ஆனால் இந்தத் தேக்கம் பாதியாகக் குறையவே 44 மாதங்கள் ஆகும். முற்றிலும் தீர எழுபது ஆண்டுகளுக்கு மேல் என்று 2003-இல் கணக்கிட்டார்கள். போதாததற்கு, செல் பிரியும்போதெல்லாம் உள்ளிருக்கும் வைரஸ் மரபும் சேர்ந்தே இரட்டிக்கிறது.

மருந்தை இடையிடையே நிறுத்திப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு 2006-இல் ‘ஸ்மார்ட்’ ஆய்வு விடை சொன்னது. நிறுத்தியவர்களிடம் இறப்பு கூடியது; எய்ட்ஸ் சார்ந்த தொற்றுகள் மட்டுமல்ல, இதயம், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்புகளும் கூடின.

மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களிடமும் அழற்சி முழுதாகத் தணிவதில்லை. தொற்றின் தொடக்க வாரங்களிலேயே குடல் சுவரின் சிடி4 செல்கள் பெருமளவில் அழிகின்றன. அங்கிருந்து பாக்டீரியாக் கூறுகள் ரத்தத்தில் கசிந்து எதிர்ப்பு மண்டலத்தை ஓயாமல் சீண்டுகின்றன. ரத்தக் குழாய்கள் அதற்கு விலை கொடுக்கின்றன. எச்.ஐ.வி. உள்ள, 40 முதல் 75 வயதுள்ள 7,769 பேரிடம் நடந்த ‘ரிப்ரீவ்’ ஆய்வில் (2023), கொழுப்பைக் குறைக்கும் பிடாவாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. அவர்களுக்கு இதய ஆபத்து அதிகமில்லை என்றுதான் வழக்கமான கணக்கு சொல்லியிருந்தது.

ரத்தத்தில் வைரஸின் அளவு (வைரல் லோடு) அளவிட முடியாத நிலைக்கு வருவது பெரிய வெற்றி. உடலுறவு வழியாகத் துணைவருக்குத் தொற்று பரவாது. ஆனால் அறிக்கையில் ‘அளவிட முடியாத நிலை’ என்ற ஒரு வரியைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடும் வழக்கம் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் மாற வேண்டும். மாத்திரை வாங்க வருபவரிடம் காசநோய் அறிகுறிகளான இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை நான்கையும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஆறு மடங்கு. அந்தப் பரிசோதனையை ‘அடுத்த முறை’ என்று தள்ளிப்போடக் கூடாது.