மருந்துப் பெட்டியிலுள்ள படமும் எமது பெண்களும்

பிரான்ஸ் நாட்டில் விற்பனையாகும் மருந்துப் பெட்டிகள் பலவற்றில் கர்ப்பிணிப் பெண்ணொருவரின் உருவம் பொறிக்கப்பட்டிருப்பதை எமது வாசகர்கள் கண்டிருப்பர். சில பெட்டிகளில் அவ்வுருவம் சிவப்பு முக்கோணத்தினுள்ளும், வேறு சிலவற்றில் குறுக்கே கோடிடப்பட்ட சிவப்பு வட்டத்தினுள்ளும் காணப்படுகின்றது. வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கிழைக்கக்கூடிய மருந்துகளுக்கு இப்படம் 2017 ஒக்ரோபர் முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. முக்கோணம் 'ஆபத்து' என்கின்றது. வட்டம் 'தடை' என்கின்றது. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இப்படங்களை எமது பெண்கள் எவ்வாறு விளங்கிக் கொள்கின்றனர் என்பதே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

இந்தப் படங்கள் இலகுவில் வந்துவிடவில்லை. வலிப்பு நோய்க்கு வழங்கப்படும் வல்புரோவேற் என்னும் மருந்து 1967 முதல் பிரான்சில் விற்பனையில் உள்ளது. அதனை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முள்ளந்தண்டுக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதை 1982இல் லியோன் நகர ஆய்வாளர்கள் அறிவித்தனர். இக்குழந்தைகளில் 100க்கு 10 பேரளவில் உடற்குறைபாட்டுடன் பிறப்பதும், 100க்கு 30 முதல் 40 பேர் வரை பேச்சு, கற்றல் போன்றவற்றில் பின்தங்குவதும் இன்று உறுதியாகியுள்ளன. 1967க்குப் பின்னர் 2,150 முதல் 4,100 வரையிலான குழந்தைகள் இம்மருந்தினால் பாரிய உடற்குறைபாட்டுடன் பிறந்ததாக 2017இல் சுகாதார அதிகாரிகளே கணித்தனர். தலிடோமைட் என்ற குளிசை 1957 முதல் 1961 வரை அயல்நாடான ஜேர்மனியில் விளைவித்த அவலம் கண்முன்னே இருந்தும், பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் 2011இல் சங்கம் அமைத்துப் போராடிய பின்னரே பெட்டியில் படம் ஏறியது.

ஆயினும், படம் எல்லோருக்கும் பொதுவான மொழியன்று. இதனையொத்த, குறுக்கே கோடிடப்பட்ட கர்ப்பிணியின் படத்தை அமெரிக்கப் பெண்களிடம் காட்டி நடத்தப்பட்ட ஆய்வொன்று 2001இல் வெளியாயிற்று. அதன் பொருளைத் தாமாகச் சரியாகச் சொன்னவர்கள் சிறுபான்மையினரே. அது கருத்தடைக் குளிசையின் அடையாளம் என்று எண்ணியோரும் இருந்தனர். கர்ப்பத்தின் மீது கோடு கிழித்தால் 'கர்ப்பம் தங்காது' என்று ஒருவர் கொள்வதில் வியப்பில்லை. அப்படிக் கொண்டவர் தீங்கு செய்யும் மருந்தையே காவலென நம்பிவிடுவார் அல்லவா? பிரெஞ்சுப் பெட்டியில் படத்தருகே வாசகமும் உண்டு. ஆனால் பிரெஞ்சு வாசிக்க இயலாதவருக்கு எஞ்சுவது படம் மட்டுமே.

'நான் கர்ப்பிணியல்ல, இது எனக்குரியதன்று' என ஒதுக்குவது இன்னொரு தவறு. கருவின் உறுப்புகள் உருவாகத் தொடங்கும் முதல் வாரங்களில் தான் கருவுற்றிருப்பதைத் தாயே அறிந்திருக்கமாட்டாள். கடுமையான முகப்பருவுக்கு வழங்கப்படும் ஐசோரெற்றினோயின் என்னும் மருந்தைப் பாவிப்போர், தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்தி ஒரு மாதம் வரை கருத்தரிக்கலாகாது என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது. தலையிடிக்கும் நாரிப்பிடிப்புக்கும் வீட்டில் வைத்திருக்கும் ஐபியூபுறோபன் ஆறாம் மாதத் தொடக்கத்திலிருந்து கர்ப்பிணிகளுக்குத் தடை செய்யப்பட்டது. அது சிசுவின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கவல்லது.

மூன்றாவது தவறு அச்சத்தினால் விளைவது. படத்தைக் கண்டு வெருண்டு வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், தாயும் சேயும் ஒருங்கே உயிராபத்துக்குள்ளாக நேரலாம். படம் 'வைத்தியரிடம் உடனே பேசு' என்கிறதே அன்றி, 'இன்றே குளிசையை வீசு' என்று சொல்லவில்லை. ஊரிலிருந்து தருவிக்கப்படும் மருந்துகளில் இப்படம் இல்லாதிருப்பதைக் கண்டு அவை தீங்கற்றவை என்று எண்ணுவதும் தவறே.

வல்புரோவேற் பெறும் இளம் பெண்கள் அதன் ஆபத்தை அறிந்துகொண்டதாக ஆண்டுதோறும் வைத்தியருடன் ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். வாசிக்க இயலாத மொழியிலுள்ள படிவத்தில் இடப்படும் கையொப்பம் எவ்வகையில் ஒப்புதலாகும்? பல குடும்பங்களில் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பவர் பாடசாலை செல்லும் பிள்ளையே. கருத்தரிப்பு, மாதவிலக்கு, கருத்தடை பற்றித் தாய் தன் பிள்ளையின் வாய்வழியாகக் கேட்க முடியுமா? கணவர் உடனிருக்கையில் மனந்திறக்கத் தயங்கும் பெண்களும் உளர். கேட்கப்படாத கேள்விக்கு எந்த வைத்தியரும் பதில் சொல்ல முடியாது.

ஆகவே, படத்தை அச்சிட்டதோடு தன் கடமை முடிந்தது என்று அரசு கருதலாகாது. இப்படங்களின் பொருளைத் தமிழிலும் ஏனைய அகதி மக்களின் மொழிகளிலும் விளக்கும் துண்டுப் பிரசுரங்கள் மருந்தகங்களிலும் தாய் சேய் நல நிலையங்களிலும் கிடைக்க வேண்டும். கையொப்பம் கோரும் இடத்தில் தகுதிவாய்ந்த மொழிபெயர்ப்பாளர் இருத்தல் வேண்டும். அவை அச்சேறும் முன் எமது பெண்களிடமே காட்டி, அவர்கள் கொள்ளும் பொருள் யாதெனக் கேட்டறிதல் நன்று.

எமக்கும் கடமை உண்டு. விழாக்களுக்கு மண்டபம் நிறைக்கும் எமது சங்கங்கள், எம்மிடையே உள்ள வைத்தியர்களையும் தாதியரையும் அழைத்து ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். தமிழ்ப் பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் தாய்மாருக்கு இப்படங்களை விளக்க அரை மணி நேரம் போதும். கருவுற்றிருப்பவரும் கருத்தரிக்க விரும்புபவரும் எந்தக் குளிசையை வாங்கும்போதும் அதனை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமில்லை. மொழி தெரியாத நாட்டில் பிள்ளை பெறும் துணிவுள்ள எமது பெண்களுக்கு, தாம் விழுங்கும் மருந்து யாதென அறியும் உரிமையும் உண்டு.