புனே என்ன டில்லியா?

‘புனே காற்று டில்லியைவிட எவ்வளவோ மேல், சிகரெட் தொடாதவர் நுரையீரலுக்குப் பயமில்லை’ என்கிறார் நண்பர். டில்லியோடு ஒப்பிட்டால் எந்த ஊரும் மலைவாசஸ்தலம்தான்! பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு, கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்போ 40. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில், தரம் எட்டாத நகரங்களின் பட்டியலில் புனேயும் உண்டு.

சிகரெட் வாதமும் நிற்காது. புகைக்காதவர்களையும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் தாக்குவதை 2009இல் ‘லான்செட்’ இதழில் விளக்கிய இருவரில் ஒருவர் புனே மருத்துவர் சந்தீப் சால்வி. புனேயின் ஸ்வார்கேட் சிக்னலில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் குழந்தை எந்தச் சிகரெட்டைப் பிடித்தது, நண்பரே?