கனடா உறவுகளும் தடுப்பூசி அட்டையும்



ஆடி, ஆவணித் திருவிழாக் காலம் பிறந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகள் கனடா உறவுகளால் நிறையும். பேரப்பிள்ளைகளின் பட்டுப்பாவாடை வரை மாதக்கணக்கில் திட்டமிடுகிறோம். தடுப்பூசி அட்டையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. கேட்டால் மனம் நோகுமாம்!

இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. கனடாவோ 1998 முதல் வைத்திருந்த அதே தகுதியை 2025 நவம்பரில் இழந்துவிட்டது. எங்கள் சொந்தங்கள் செறிந்து வாழும் ஒன்ராறியோவில்தான் அதற்குக் காரணமான பரவல் மிக அதிகம் பேரைத் தாக்கியது.

எங்கள் நாட்டில் சின்னமுத்துக்கு எதிரான எம்எம்ஆர் ஊசி 9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. அங்கே முதலாவது ஊசிக்கே 12 மாதம் ஆகவேண்டும். கைக்குழந்தையோடு வருபவர்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னராவது குடும்ப வைத்தியரைக் காணட்டும். ஆறு மாதம் கடந்த குழந்தைக்குப் பயணத்தை முன்னிட்டு முற்கூட்டியே போட இடமுண்டு. இங்கே 9 மாதம் நிரம்பாத பிள்ளைகளுக்கோ அந்தக் காப்பும் இல்லை. வருபவர்கள் ஊசி போட்டிருப்பதுதான் அவர்களுக்குக் காவல்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. 2009 போர்க்கால இடப்பெயர்வில், தடுப்பூசி விபரம் எழுதிய கிளினிக் கொப்பியைத் தொலைத்த சிறுவர்கள் வன்னியில் ஏராளம். இன்று அவர்களில் பலர் பெற்றோர். போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் மீண்டும் போடுவதால் கெடுதியில்லை, கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தவர்களும் தவிர. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இவற்றைத் திருவிழாக் காலத்துக்கு முன்பே ஊர்களில் அறிவிக்கவேண்டும்.

வாசகர்,
கிளிநொச்சி