முள்ளைச் சுட்டால் கக்குவான் நிற்காது

போன தை மாதம் தாராபுரம் பக்கம் பெரியம்மாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவருடைய எட்டு மாதப் பேரனுக்கு இரவெல்லாம் இருமல். இருமி இருமி முகம் சிவந்து, கடைசியில் பாலைக் கக்கிவிட்டுத்தான் ஓய்ந்தான். "முள்ளெலி முள்ளு ரெண்டு கெடச்சாப் போதும் கண்ணு. சுட்டுத் தேன்ல கொழச்சு நாக்குல தடவுனாக் கக்குவான் நின்னுரும்" என்றார் பெரியம்மா. முள்ளெலி பிடிக்கிற ஆளிடமும் சொல்லிவிட்டிருந்தார். விடிந்தால் கோணிப்பையில் ஒன்று வந்துவிடும்.

அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து அவரோடு வாதாடினேன். பெரியம்மா சொன்னது அவர் ஒருவருடைய எண்ணம் அல்ல. கொங்கு நாட்டிலும் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலும் எத்தனையோ வீடுகளில் இன்றும் சொல்லப்படுவது. அதனால் அவர் வைத்த ஒவ்வொரு நியாயத்துக்கும் என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னது: "உங்கம்மாளுக்கே இதக் குடுத்துத்தான் நின்னுச்சு. நானே கண்ணால பார்த்தேன்."

பார்த்தது உண்மைதான். அம்மாவுக்கு இருமல் நின்றதும் உண்மை. ஆனால் கக்குவானின் போக்கைத் தெரிந்துகொண்டால் அது ஏன் நின்றது என்பது விளங்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரணச் சளி போலத்தான் இருக்கும். பிறகு தொடர் இருமலும், இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கேட்கிற அந்தக் கூவலும் வரும். இது ஆறு வாரம் வரை, சிலருக்குப் பத்து வாரம்கூட நீடிக்கும். அதன்பின் தானாகவே தணியும். சுக்கு, துளசி, மிளகு எல்லாம் கொடுத்துப் பார்த்துச் சலித்து, ஆள் அனுப்பி முள்ளெலி தேடிப் பிடித்து வரும்போது நோய் இறங்கத் தொடங்கியிருக்கும். கடைசியாகக் கொடுத்த மருந்துக்கு நல்ல பெயர் போய்ச்சேரும். இறங்குவதற்குள் இறந்துபோன குழந்தைகளின் வீட்டில் யாரும் இந்தக் கதையைச் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் போன பிள்ளைகள் நிறைய. பெரியம்மாவுக்கே ஒரு தம்பி இருந்தானாம். அவனைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"முள்ளுல ஏதோ சத்து இருக்கப்போயித்தானே பெரியவங்க சொல்லியிருக்காங்க?"

முள்ளெலியின் முள் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நம் தலைமுடியும் நகமும் மாட்டுக் கொம்பும் அதே பொருள்தான். சுட்டால் கரியும் சாம்பலும் மிஞ்சும். கக்குவானை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. 1906-ல் பெல்ஜியத்தில் ஜூல் போர்டே, ஒக்தாவ் ஜாங்கு என்ற இருவர் அதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். அதைக் கொல்லக்கூடியது எதுவும் இந்தச் சாம்பலில் இல்லை. பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. தடுப்பூசி இல்லாத காலத்தில், கண்முன்னே பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது, கைக்கு எட்டியதை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று நமக்கு அந்தக் கதி இல்லை. ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் போடுகிற ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவானுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. இந்தியாவில் அரசுத் திட்டத்தில் அந்த ஊசி 2011 டிசம்பரில் முதலில் வந்ததே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மூன்றாவது தவணை தள்ளிப்போயிருந்தது. ஊருக்குப் போய்வந்து போடலாம் என்று விட்டது.

"தேன்லதானே குடுக்கறோம், அதுல என்ன கெடுதல்?"

கெடுதல் அந்தத் தேனில்தான் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே பாதிக்கலாம். இதைவிடப் பெரிய கெடுதல் நாள் வீணாவது. தக்க மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் நோயின் வேகம் குறையும், வீட்டில் மற்றவருக்குத் தொற்றுவதும் குறையும். கைக்குழந்தைகள் சிலவற்றுக்குக் கூவலே வராது. மூச்சு சட்டென நின்று உடம்பு நீலம் பாரிக்கும். அந்த நேரத்தில் கோணிப்பைக்காரருக்காகக் காத்திருக்க முடியுமா?

பெரியம்மா இங்கே கொஞ்சம் இறங்கிவந்தார். ஆனாலும் விடவில்லை. "ரெண்டு முள்ளு எடுத்துட்டு உசுரோட விட்டுரலாம்" என்றார்.

முள் தோலில் வேர்விட்டு நிற்பது. பிடுங்கினால் நமக்கு முடியைப் பிடுங்குவதுபோல் வலிக்கும். அதைவிட, பிடிக்கிறவர் இரண்டு முள்ளுக்காக இரவெல்லாம் டார்ச்சோடு அலைவதில்லை. தோலை உரித்துக் காயவைத்து வைத்துக்கொண்டால் பல வீடுகளுக்கு ஆகும். இந்த உயிரைப் பிடிப்பதும் எளிது. ஆபத்து வந்தால் அது ஓடாது, கடிக்க வராது. தலையையும் காலையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டு அப்படியே கிடக்கும். நரிக்கும் நாய்க்கும் எதிராக அது கற்ற ஒரே வித்தை அதுதான். மனிதன் பையைப் போட்டால் அந்த வித்தை பலிக்காது. தார்ச்சாலையில் லாரி வரும்போதும் அது சுருண்டுதான் கிடக்கிறது.

"காட்டுக்குள்ள எத்தனையோ இருக்குது, ஒண்ணு போனா என்ன?"

இந்த முள்ளெலி உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும்தான் உண்டு. அழிவின் விளிம்பில் இருப்பதாக அருகிவரும் உயிர்களுக்கான உலகப் பட்டியல் சொல்லவில்லை. அபாயம் குறைந்தது என்றே வைத்திருக்கிறது. அதையும் மறைக்காமல் பெரியம்மாவிடம் சொன்னேன். ஆனால் அது வாழ்கிற முள்காட்டுக்கும் புல்தரைக்கும் நம் கணக்கில் பெயர் 'தரிசு'. சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்து மனை பிரிக்கிறோம், சோலார் பலகை நடுகிறோம். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுகிறோம். பகலில் அது படுக்கிற புதரே இல்லாமல் போகிறது. 2025-ல் தமிழ்நாடு அரசு சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி முதலிய நான்கு உயிரினங்களைக் காக்க 1 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, அந்த நான்கில் ஒன்றாக முள்ளெலியும் இருந்தது.

"கெழங்கத் தோண்டித் திங்குதே" என்றார். அது முள்ளம்பன்றி. கொறிக்கிற இனம். முள்ளெலி எலியும் அல்ல, பன்றியும் அல்ல. மூஞ்சூறுக்குத்தான் உறவு. வண்டு, கறையான், புழு, பூரான், தேள் இவைதான் அதற்கு இரை. நம் தோட்டத்தில் கூலி கேட்காமல் ராத்திரி வேலை பார்க்கிறது.

கடைசியில் பெரியம்மா கேட்டார்: "செரி, வந்தா என்ன பண்ணோணும்?" பிடிக்கவோ வளர்க்கவோ வேண்டாம், வழி விட்டால் போதும் என்றேன். இரக்கப்பட்டுப் பால் வைக்கக் கூடாது. அதற்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். கோடையில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைக்கலாம். தரையோடு இருக்கிற தொட்டிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் விழுந்தது ஏறி வந்துவிடும். பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் வேலிக்கு வேலி 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் ஓட்டை விடுகிறார்கள், அவ்வளவில் அங்குள்ள முள்ளெலி நுழைந்து போய்விடும். நாம் கிளுவை வேலியை வெட்டாமல் இருந்தாலே அந்த ஓட்டைக்குத் தேவை இல்லை.

விடிந்ததும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கோணிப்பைக்காரரை வர வேண்டாம் என்று பெரியம்மாவே போன் போட்டுச் சொன்னார். பிறகு வேலியோரம் வெட்டிக் குவித்திருந்த முட்செடிகளைக் கொளுத்தப்போன ஆளைக் கூப்பிட்டு, "தீ வெக்கறதுக்கு முன்னால பூராத்தையும் பொரட்டிப் பாருப்பா, உள்ள ஏதாச்சும் படுத்திருக்கும்" என்றார்.