என்ன ஜாதி, என்ன விலை, கடிக்குமா?

திண்டுக்கல்லில் யாராவது புதிதாக ஒரு நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் மூன்று கேள்விகள் நிச்சயம் வரும். "என்ன ஜாதிங்க?" "எம்புட்டுக்கு வாங்குனீங்க?" "கடிக்குமா?" நாகல் நகரானாலும் சரி, பழனி ரோடானாலும் சரி, கேள்வி வரிசை மாறாது.

"ஜாதியெல்லாம் கிடையாதுண்ணே, கலப்பு. காசு கொடுக்கலை, காப்பகத்துல இருந்து எடுத்தது. கடிக்காது, அதுக்கே மனுஷங்களைப் பார்த்தா பயம்" என்று பதில் வந்தால் கேட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பாவம், இவனை யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க என்கிற மாதிரி ஒரு பார்வை :-)

ஏமாந்தது யார் என்று ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துவிடலாம். அதற்கு முன்னால், இதை இப்போது ஏன் பேச வேண்டும் என்று ஒரு வார்த்தை.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; வெறிநாய்களையும் மூர்க்கமான நாய்களையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்றது.

சண்டையில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி ஆகஸ்ட் 22 உத்தரவில் இருந்தது. விருப்பப்படுகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு.

காப்பகத்துக்குள் நாய் போகப் பல வழிகள் இருக்கின்றன. உயிரோடு வெளியே வந்து ஒரு வீட்டுக்குப் போக ஒரே வழி, தத்து. அந்த வாசலில்தான் இந்த மூன்று கேள்விகளும் குறுக்கே உட்கார்ந்திருக்கின்றன.

<b>கேள்வி 1: என்ன ஜாதி?</b>

தீண்டாமை பாவம் என்று பாடப்புத்தகத்திலேயே அச்சடித்துப் படிக்க வைத்த மாநிலம் இது. அங்கே நாய்க்கு மட்டும் கூச்சமே இல்லாமல் ஜாதி கேட்கிறார்கள். வார்த்தையைக் கவனியுங்கள், 'ஜாதி நாய்'. அப்படியென்றால் மற்றதெல்லாம்?

சைபீரியப் பனியில் வண்டி இழுக்க வளர்த்த ஹஸ்கியை, ஏப்ரல், மே மாதங்களில் 38, 39 டிகிரி கொளுத்தும் திண்டுக்கல் சமவெளியில் மொட்டை மாடி அறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதன் உடம்பில் இருப்பது இரண்டு அடுக்கு ரோமம். பக் நாயின் கதை வேறு. நாய்க்கு மனிதனைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். பக்குக்கு மூக்கே சப்பை, மூச்சு விடுவதே பாடு. அதற்குப் பெயர் ஸ்டைல்!

"வெளிநாட்டு நாய் வேண்டாம், ராஜபாளையம் வாங்கலாமே" என்பவர்களும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் அருமையான நாய்கள்தான். ஆனால் தூய வெள்ளைதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்த்ததில், பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் ராஜபாளையத்தில் பிறப்பது ஊரறிந்த விஷயம். சுத்தம் சுத்தம் என்று ஓடினால் கடைசியில் இதுதான் கிடைக்கும்.

"இனம் தெரிஞ்சாத்தானே குணம் தெரியும்?" என்று கேட்கலாம். 2022ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை வளர்ப்பவர்களிடம் விசாரித்து, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம். மீதி அந்தந்த நாயைப் பொறுத்தது, வளர்ந்த விதத்தைப் பொறுத்தது.

நம்பிக்கை வரவில்லையா? செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவன் மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, கள்ளர்களைக் கடித்து நின்ற அவனுடைய நாயையும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்ன ஜாதி என்று எழுதவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் தேவைப்படவில்லை.

<b>கேள்வி 2: எம்புட்டு?</b>

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு குட்டி இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் வாழும். தினம் இரண்டு வேளை சாப்பாடு, வருடாந்திர ஊசி, குடற்புழு மருந்து, கருத்தடை, வயதான காலத்து வைத்தியம். இது ஜாதி நாய்க்கும் அதே, கலப்பு நாய்க்கும் அதே. அந்த முதல் இருபதாயிரத்துக்கு மட்டும் பதில் சேவை என்று எதுவும் கிடையாது. அது பெருமைக்குக் கொடுத்த விலை. நோட்டில் 'நாய்' என்ற தலைப்பில் எழுதக்கூடாது, 'விளம்பரச் செலவு' என்றுதான் எழுத வேண்டும்.

2017ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். "முப்பது நாள் குட்டிங்க, சூப்பரா இருக்கும்" என்று அட்டைப்பெட்டியில் வைத்து விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அட்டைப்பெட்டி காணாமல் போகும்.

காசு கொடுத்து வாங்கினால் அக்கறையாக வளர்ப்பார்கள் என்பதும் கதைதான். தோல் வியாதி வந்ததும், வீடு மாற்றியதும் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுப் போன லாப்ரடாரும் பொமரேனியனும் ஊருக்கு ஊர் சுற்றுகின்றன. அவற்றின் அடுத்த தலைமுறைதான் தெருவில் திரியும் கலப்பு நாய். அதாவது விலை கொடுத்து வாங்கிய நாயின் பேரப்பிள்ளையைத்தான் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள்!

<b>கேள்வி 3: கடிக்குமா?</b>

இந்தக் கேள்வியை இரண்டு விதமான ஆட்கள் கேட்கிறார்கள். கடிக்கக்கூடாதே என்ற பயத்தில் கேட்பவர்கள் ஒரு விதம். கடிக்க வேண்டுமே என்ற ஆசையில் கேட்பவர்கள் இன்னொரு விதம். "காவலுக்கு ஆகாதுன்னா எதுக்குங்க நாயி?"

பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். 2019ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. காவல் வேண்டுமென்றால் நல்ல பூட்டு வாங்கி மாட்டுங்கள். பூட்டுக்குப் பசிக்காது, பயமும் வராது. கடிப்பதற்கென்று நாய் வளர்த்தால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் சென்னை பார்த்தது. நுங்கம்பாக்கத்தில் ஒரு பூங்காவுக்குள் 5 வயதுக் குழந்தையைக் குதறியவை தெருநாய்கள் அல்ல. இரண்டும் காசு போட்டு வளர்த்த ராட்வீலர்கள்.

இப்போது பயந்த நாய்க்கு வருவோம். காப்பகத்துக்குப் போகிறவர்கள் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் தலையைத் திருப்பும் நாயை "இது சீக்கு போலருக்கே" என்று கடந்து போகிறார்கள். அது அங்கேயே கிடக்கும், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். அது இருக்கும் வரை இன்னொரு நாய்க்கு அந்த இடம் கிடைக்காது.

அது சீக்கு இல்லை. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் எது ஆபத்து, எது இல்லை என்று அதன் மனதில் பதியும் காலம். ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பல வருஷம் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965லேயே புத்தகமாக எழுதிவிட்டார்கள். அந்த வாரங்களில் மனிதக் கை பழகாமல் போன நாயும், கல்லடி மட்டுமே பழகிய நாயும் ஒதுங்கத்தான் செய்யும். ஒதுங்கிப் போவது அந்த நாயின் மரியாதை. "சண்டை வேண்டாம், நான் போய்க்கிறேன்" என்கிறது, அவ்வளவுதான். போக வழியில்லாமல் மூலையில் மடக்கினால் அதுவும் கடிக்கும். யாராக இருந்தாலும் கடிப்பார்கள் :-)

அதனால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் இழுக்காதீர்கள். அடைக்கலத்துக்கு ஒரு மூலை, ஒரு சாக்கு, பக்கத்தில் தண்ணீர். நேராகக் குனிந்து தலையைத் தடவாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவே வந்து முகரும் வரை காத்திருக்க வேண்டும். காப்பகக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு: மூன்று நாளில் மிரட்சி குறையும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று தோன்றும். சில நாய்களுக்கு இன்னும் ஆகும். தீபாவளிக்குக் கதவைச் சாத்தி வையுங்கள், வெடிச் சத்தத்தில் ஓடிய நாய் வழி தெரியாமல் தொலையும். பாசத்தில் பிரியாணி மிச்சத்தைப் போடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும், வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

<b>இரண்டு கட்சிக்கும்</b>

நாயைக் கண்டாலே கொல்லச் சொல்லும் கட்சியை வெறும் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அனேகமாக இல்லை. உலகில் அந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1907லேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய மாநிலத்தில் இன்னமும் குழந்தைகள் இதில் சாவது வெட்கக்கேடு. ஆனால் கொன்று பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி நூறு வருஷத்துக்கும் மேல் கொன்றது, மின்சாரம் வைத்தும் கொன்றது. நாய் குறையவில்லை. கருத்தடைதான் வழி என்று 1964ல் ப்ளூ கிராஸ் சொன்னதை மாநகராட்சி ஏற்க 1990கள் ஆயின.

நாய் நேசர்கள் கட்சிக்கும் ஒன்று உண்டு. தெருமுனையில் பிஸ்கட் போட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் அந்த நாய்க்கு ஊசி போடுவது யார்? அது கடித்தால் பதில் சொல்வது யார்? தத்தெடுத்துவிட்டுப் பத்தாம் நாள் "செட் ஆகலைங்க" என்று திருப்பிக் கொண்டுபோய் விடுகிறவர்கள் இன்னும் மோசம். மனிதர்களை நம்பலாமா என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்த நாய்க்கு, நம்பாதே என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த வீட்டில் அதற்கு மூன்று மாதம் போதாது.

ஊசி போட்டு, கருத்தடை செய்து, ஒரு வீட்டுக்குள் வளரும் நாய் தெருவில் குட்டி போடாது, ரேபிஸ் பரப்பாது, பள்ளிக்கூடப் பிள்ளையைத் துரத்தாது. அதுவும் பட்டினி கிடக்காது. இரண்டு கட்சியும் கேட்பது ஒரே நாயில் நடக்கிறது. திண்டுக்கல் 2014லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. தத்துக்கு விண்ணப்பம் எங்கே கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று ஒரு பலகை எழுதி வைக்கப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

மிச்சம் வீடுகளின் கையில். குட்டிக்காகச் சேர்த்து வைத்த இருபதாயிரம் இருந்தால் அதில் மூன்று நான்கு வருஷ ஊசியும் வைத்தியமும் முடிந்துவிடும். போகும்போது ஓடிவரும் நாயைப் பாருங்கள், தப்பில்லை. அப்புறம் அந்த மூலையில் இருப்பதையும் பாருங்கள். காப்பகக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இதுக்குப் பயம் தெளிய எம்புட்டு நாள் ஆகும்?" அதற்கு அவர் சொல்லும் நாளை வீட்டில் ஒதுக்க முடியும் என்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். முடியாது என்றால் பூட்டே போதும்.