ஞானப்பல்: பிடுங்குவதா, விட்டுவைப்பதா?

சென்ற கார்த்திகையில் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் நடந்தது. களையெடுப்புக் கூலி பற்றிப் பேச்சு. இளந்தோழர் ஒருவர், வயது 23 இருக்கும், துண்டைக் கன்னத்தோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். எப்போதும் முதல் ஆளாக எழுந்து பேசுகிறவர் அன்று வாய் திறக்கவில்லை. இடது பக்கம் கீழ்த்தாடையின் கோடியில், பல் பாதி முளைத்து நின்ற இடத்தில், ஈறு வீங்கியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொன்னார். இன்னொருவர் ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கச் சொன்னார். மூன்றாமவர், பேசாமல் பிடுங்கி எறி, கடைவாயில் அந்தப் பல்லால் என்ன லாபம் என்றார். மறுநாள் அவர் சிதம்பரம் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் பல்லைப் பிடுங்கவில்லை. ஈறு மடிப்புக்குள் சிக்கியிருந்ததைக் கழுவிச் சுத்தம் செய்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். மறுபடியும் இப்படி வீங்கினால் வா, அப்போது எடுத்துவிடலாம் என்று அனுப்பினார்.

ஊரில் என்ன பேச்சு கிளம்பிற்று தெரியுமா? ‘கையில் காசில்லாதவன் என்று தெரிந்து பிடுங்காமல் அனுப்பிவிட்டான். பணக்காரன் பிள்ளையாக இருந்தால் விடுவானா?’

இந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. எத்தனையோ இடங்களில் நம் ஆட்களை ஏறிட்டும் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் இந்த விஷயத்தில் டாக்டர் செய்தது சரி. அது ஏன் சரி என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஞானப்பல் என்பது வாயின் நான்கு கோடிகளிலும் கடைசியாக முளைக்கும் பல். பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வரும். விவரம் தெரிந்த வயதில் வருவதால் அந்தப் பெயர். (விவரம் வந்ததோ இல்லையோ, வலி வருகிறது!) சிலருக்கு நான்கும் முளைப்பதில்லை. சிலருக்கு ஒழுங்காக முளைத்து, மற்ற கடைவாய்ப் பற்களைப் போலவே மெல்ல உதவும். தாடையில் இடம் போதாதவர்களுக்குத்தான் தொல்லை. பல் சாய்ந்து, முன்னால் நிற்கும் பல்லில் முட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். அதன் தலைமேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும். சோற்றுப் பருக்கையும் கிருமியும் அந்த மூடிக்கு அடியில் சேர்ந்தால் வீக்கம், வலி, சீழ், துர்நாற்றம்.

முட்டிக்கொண்டு நின்றாலே பிடுங்கித்தான் ஆக வேண்டுமா? அமெரிக்காவில் அப்படித்தான் வெகுகாலம் நடந்தது. தொல்லை கொடுக்காத பல்லையும், இனிமேல் கொடுக்கலாம் என்று சொல்லி, பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட எடுத்தார்கள். ஜே ஃப்ரீட்மன் என்ற பல் டாக்டர் 2007இல் அந்நாட்டின் பொதுச் சுகாதார சஞ்சிகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கே வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் பேருக்கு ஒரு கோடி ஞானப்பற்கள் எடுக்கப்படுகின்றன, செலவு 300 கோடி டாலருக்கு மேல், அதில் மூன்றில் இரண்டு பங்காவது அநாவசியம் என்று எழுதினார். யார் லாபத்துக்காக என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனிலோ வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. அங்கே 2000ஆம் ஆண்டில் சர்க்காரின் வைத்திய ஆலோசனை அமைப்பு ஒரு விதி வகுத்தது. நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்காதே என்பது விதி. அடைக்க முடியாத சொத்தை, வேரில் சீழ், தாடை எலும்பில் நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லுக்குச் சேதம் என்றால் எடுக்கலாம். ஈறு வீக்கத்தைப் பொறுத்தவரை, முதல் தடவை கடுமையாக இல்லாவிட்டால் பிடுங்க வேண்டாம். இரண்டாம் தடவை வந்தால் எடு. சிதம்பரத்து டாக்டர் நம் தோழரிடம் சொன்னது ஏறக்குறைய இதேதான். பணக்கார நாட்டில் காசு கொடுத்து வாங்கிக்கொண்ட அநாவசிய ஆபரேஷனைத்தான் நம் ஆள் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டார்!

அந்த விதிக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிரிட்டனில் பிடுங்காமல் விட்டவர்களில் ஒரு பகுதியினர் பிற்காலத்தில் வேறொரு கோளாறோடு வந்தார்கள். சாய்ந்த ஞானப்பல்லுக்கும் அதன் முன்பல்லுக்கும் நடுவில் உணவு தங்கி, அதுவரை நன்றாயிருந்த முன்பல் பின்புறம் சொத்தையாகிவிட்டது. ஆகவே ‘விட்டுவைப்பது’ என்றால் மறந்துவிடுவது அல்ல. பல் துலக்கும்போது கோடி வரை துலக்க வேண்டும். அவ்வப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும்.

இங்கேதான் நம் பிரச்னை ஆரம்பமாகிறது. ‘மறுபடி வீங்கினால் வா’ என்பது நல்ல வைத்தியம். ஆனால் மறுபடி வர முடிகிறவனுக்குத்தான் அது நல்ல வைத்தியம். மாதச் சம்பளக்காரன் அரை நாள் லீவு போட்டு வருவான். நாற்றங்கால் பறிக்கிறவள் வந்தால் அன்றைய கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. அதனால் இரண்டாம் தடவை வீங்கும்போது போக மாட்டாள். மூன்றாம் தடவையும் பெட்டிக்கடை மாத்திரைதான். நான்காம் தடவை தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

இதை நான் பிறருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் கீழ்த்தாடைப் பல் மூன்று வருஷத்தில் ஐந்து தடவை வீங்கிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு மாநாடு, ஒரு மறியல், ஒரு தேர்தல். இயக்க வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் இடுக்கியைக் கண்டு பயம். ஐந்தாம் தடவை தாடைக்கு அடியில் கழுத்து வரை இறுகிற்று, எச்சில் விழுங்க முடியவில்லை, ராத்திரி ஜுரம். தோழர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சீழை வெளியேற்றி, ஊசி போட்டு, வீக்கம் வடிந்த பிறகுதான் பல்லை எடுத்தார்கள். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியம் பதினொரு நாளைத் தின்றது. அத்தனை நாளும் என் மனைவி வேலைக்குப் போகவில்லை.

எனவே இதை ஒவ்வொருவரும் மனதில் வையுங்கள். வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ இறங்குகிறது, ஜுரம் அடிக்கிறது என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு முட்டி உயிர் போகக்கூடிய நிலை அது. அந்த நேரத்தில் கூலியைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

அந்த நிலைக்குப் போகாமல் தேதியை நாமே குறிக்க முடியும். இரண்டாம் வீக்கம் வந்துபோய்விட்டது, எடுத்துவிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி அடங்கிவிட்டதே என்று அடுத்த வீக்கம் வரை காத்திருக்க வேண்டாம். வீக்கம் வடிந்த நாட்கள்தான் எடுப்பதற்கு ஏற்ற நாட்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. பங்குனி, சித்திரையில் வேலை குறைவு. அப்போது எடுத்துக்கொண்டால் இழக்கும் கூலி குறையும். கரும்பு ஆலைத் தோழர்கள் அரவைப் பருவம் முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம். வயதையும் பார்க்க வேண்டும். இருபதுகளில் எடுத்தால் எலும்பு இளக்கமாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். நாற்பதுக்கு மேல் ஆறுவதற்கு நாளாகும் என்பதற்கு நானே சாட்சி. எடுப்பதென்று தீர்மானமான பல்லுக்குத்தான் இந்தக் கணக்கு. பேசாமல் கிடக்கும் பல்லை வயது போகிறதே என்று பிடுங்கக் கிளம்ப வேண்டாம்.

எடுக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அருகே உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. நாக்கின் நரம்பும் பக்கத்தில்தான். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின் உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், அபூர்வமாகச் சரியாகாமலும் போகும். எக்ஸ்ரே பார்த்து என் பல் எப்படி என்று கேட்பது நம் உரிமை. சர்க்கரை வியாதி, இருதய நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

எடுத்தபின் பஞ்சை அரை மணி நேரமாவது கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சுடச்சுட எதுவும் ஆகாது. குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியில் தெரிந்து, மூன்றாம் நாள் பொறுக்க முடியாத வலி வரும். பீடி குடிப்பவர்களுக்கு இது அதிகம். மறுநாள் முதல் உப்புத் தண்ணீர். இரண்டு, மூன்று நாள் வீக்கம் கூடும், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் குனிந்து களை பறிப்பதும் தலைச்சுமை தூக்குவதும் கூடாது. வீட்டிலே சும்மா இரு என்று சொன்னால் நம் பெண்கள் கேட்க மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தை ஆண்கள் தூக்கட்டும்.

புகையிலையும் ஆஸ்பிரினும் என்று யோசனை சொன்ன இருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினை ஈறில் வைத்தால் அந்த இடம் வெந்து வெள்ளையாக உரியும். வலி குறையாது, புண்தான் கூடும். பல்வலிக்கென்று அடக்க ஆரம்பித்த புகையிலை, வலி போன பிறகும் வாயை விட்டுப் போகாது. வாய்ப் புற்று அங்கிருந்துதான் வருகிறது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வாய் திறப்பது மெல்ல மெல்லச் சுருங்கினால், அதையும் ஞானப்பல் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. அது வேறு நோய், உடனே காட்ட வேண்டும்.

எங்கே போவது? கடலூரில் சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் ரயிலடிக்குக் கிழக்கே, அண்ணாமலைநகரில், பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அது 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் துவங்கியது. பல்கலைக்கழகத்தை 2013இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் சர்க்கார் கல்லூரிகளைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்கிறார்களே என்று மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். 2021இல் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் சுகாதாரத் துறையின் கீழ் வந்தன. எலும்பை அறுத்து எடுக்க வேண்டிய பல்லானாலும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

ஆலைத் தோழர்களில் சிலருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சந்தா சரியாகக் கட்டப்பட்டிருந்தால் டாக்டர் சர்டிபிகேட்டின் பேரில் நோய்க்கால லீவுக்குச் சம்பளத்தில் 70 சதம் கிடைக்கும், வருஷத்தில் 91 நாள் வரை. பல் ஆபரேஷனுக்கு இது செல்லாது என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் நம்பாதீர்கள், சங்கத்தில் வந்து சொல்லுங்கள். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாள் லீவு போடுகிறவனுக்கு அதனால் ஒரு காசும் கிடைப்பதில்லை, இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். வயலில் வேலை செய்கிறவனுக்கோ அந்த 70 சதமும் இல்லை. வீங்கிய தாடை ஆலைக்காரனுக்கும் வயற்காரனுக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது. ஒருவனுக்கு லீவுச் சம்பளம், இன்னொருவனுக்குப் பட்டினி என்பது என்ன நியாயம்? நம் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்தபடியாக இது இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பல் டாக்டர் வாரத்தில் சில நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், ‘மறுபடி வா’ என்ற சொல்லுக்கும் அர்த்தம் உண்டாகும்.

அந்த இளந்தோழருக்கு மாசியில், அறுவடை மும்முரத்தில், மறுபடி வீங்கிற்று. இந்தத் தடவை துண்டு கட்டிக்கொண்டு உட்காரவில்லை, மறுநாளே சிதம்பரம் போய்வந்தார். வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, பங்குனி இரண்டாம் வாரத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்த வாரத்துக் கிளைக் கூட்டத்தை அவருக்காக நான்கு நாள் தள்ளிவைத்திருக்கிறோம்.